தைத்த சதை எதனால் பிழைக்கிறது?

(வாசகசாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்குக் கூச்சமாய் இருக்கலாம். புற்றுநோயினால் மார்பை இழந்த ஸ்திரீக்கு, அவளுடைய உடம்பிலிருந்தே சதையை எடுத்து மறுபடியும் மார்பு அமைத்துக் கொடுக்கும் ரண சிகிச்சையைப் பற்றியும், அதில் இரத்தக் குழாய்களுக்கு உள்ள வேலையைப் பற்றியும் பேசப்போகிறோம். "இதெல்லாம் சபையில் பேசத்தக்க சங்கதியா?" என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். கோபுரத்திலும் தூணிலும் தேரிலும் ஸ்திரீகளின் மார்பைச் செதுக்கி வைத்து, அதன் முன் பிள்ளைகுட்டிகளோடு விழுந்து கும்பிடுகிறவர்களுக்கு, அதே உறுப்பில் வரும் வியாதியைப் பற்றிப் பேசும்போது மட்டும் வெட்கம் வருமானால், அந்த வெட்கத்தை நாம் ஏன் மதிக்க வேண்டும்?

அது சாதாரண வெட்கமல்ல. ஆளைக் கொல்லும் வெட்கம். இந்தியாவில் ஸ்திரீகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்புப் புற்றுநோய்க்கே. 2022-ஆம் வருஷத்துக் கணக்குப்படி அந்த ஒரே வருஷத்தில் இந்நாட்டில் புதிதாக இந்நோய் கண்டவர்கள் 1,90,000 பேருக்கு மேல். மாண்டவர்கள் 98,000 பேருக்கு மேல். கட்டி தட்டுப்பட்டதும் புருஷனிடம் சொல்ல வெட்கம், மாமியாரிடம் சொல்லப் பயம், ஆண் டாக்டரிடம் காட்ட நாணம் என்று மாதக்கணக்காய் மூடிவைத்து, மந்திரித்துக் கயிறு கட்டி, வேப்பிலை அடித்து, கட்டி உடைந்து புண்ணான பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எத்தனையோ பேர்.

தப்பிப் பிழைத்தவள் கதியோ வேறு. முன்ஜன்மத்துப் பாவம் என்கிறார்கள். நல்ல காரியத்தில் முன்னால் நிற்காதே என்கிறார்கள். 'மூளி' என்று ஒரு வார்த்தையை இதற்காகவே நம் சமுதாயம் உண்டாக்கி வைத்திருக்கிறது. கையை இழந்த புருஷனை எந்தப் பெண்ஜாதியும் தள்ளிவைப்பதில்லை. மார்பை இழந்த பெண்ஜாதியைத் தள்ளிவைக்கிற புருஷனுக்கு ஊரே நியாயம் பேசுகிறது.

இன்று நாம் சொல்ல வந்தது ஒரே விஷயந்தான். வெட்டி எடுத்து வேறிடத்தில் வைத்துத் தைத்த சதை பிழைப்பதும் சாவதும் கடவுள் சித்தத்தாலல்ல, தலையெழுத்தாலல்ல. அதற்குள் இரத்தம் வர ஒரு வழியும், வெளியே போக ஒரு வழியும் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே. இதைக் கண்டுபிடிக்க மனிதனுக்கு எவ்வளவு காலமாயிற்று, யார் கண்டார்கள், எது குறுக்கே நின்றது என்று பார்த்தால், நம் பெண்களின் தலையில் சுமத்தியிருக்கும் 'விதி'யின் யோக்கியதையும் விளங்கிவிடும்.

யானைத் தலைக் கதை

இப்படி நாம் பேசத் தொடங்கினால், "இதெல்லாம் நம் முன்னோர்களுக்கு எப்போதோ தெரியும், பிள்ளையாருக்கு யானைத் தலை வைத்தது என்ன?" என்று கேட்கத் தயாராய் ஒரு கூட்டம் இருக்கிறது. ஏதோ திண்ணைப் பேச்சு என்று நினைக்காதீர்கள். 2014-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் பம்பாயில் ஓர் ஆஸ்பத்திரி விழாவில், டாக்டர்கள் நிறைந்த சபையில், பிரதம மந்திரி நரேந்திர மோடி அவர்களே, மனித உடம்பில் யானைத் தலையைப் பொருத்திய வைத்தியர் அக்காலத்தில் இருந்திருக்க வேண்டும் என்ற கருத்தில் பேசினார்.

சரி, கதையைக் கதையாகவே எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்போம். பிள்ளையின் கழுத்திலிருந்து தலைக்குப் போகும் இரத்தக் குழாயின் பருமன் என்ன, யானையின் குழாய்ப் பருமன் என்ன? வீட்டுக் குழாயையும் ஏற்றக் கிணற்றுச் சாலையும் முடிச்சுப் போட முடியுமா? மூளைக்குச் சில நிமிஷம் இரத்தம் போகாவிட்டால் அது செத்துப்போகும். வெட்டிய யானைத் தலையைத் தூக்கிவந்த நேரமெல்லாம் அது எப்படி உயிரோடிருந்தது? அன்றியும் பிறருடைய சதையை உடம்பு ஏற்காது. 1954-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் சிறுநீரகத்தை மாற்றி வைத்து வெற்றி கண்டபோது, ஒரே கருவில் உண்டான இரட்டையரில் ஒருவருடையதை மற்றவருக்கு வைத்ததால்தான் அது நிலைத்தது. இவ்வளவையும் கேட்டால் "அது தெய்வ சக்தி" என்பார்கள். தெய்வ சக்தி என்றால் ரண வைத்தியம் என்று சொல்லாதே. ரண வைத்தியம் என்றால் குழாய்க்குக் கணக்குச் சொல்லு. இரண்டு படகிலும் கால் வைக்காதே என்கிறோம்.

நம் தமிழர் கதை மட்டும் என்ன வாழ்ந்தது? ஒரு பத்தினி மார்பைத் திருகி எறிந்ததும் மதுரை எரிந்ததாம். மார்புக்கு இரத்தம் நெஞ்செலும்பின் ஓரத்திலிருந்தும், அக்குளிலிருந்தும், விலா இடுக்குகளிலிருந்தும் மூன்று பக்கமாய் வருகிறது. அதைத் திருகி எறிந்தால் எரிவது மதுரையல்ல. இரத்தம் கொட்டி மயங்கி விழுவது அந்தப் பெண்தான். பெண்ணின் உறுப்புக்கு மந்திர சக்தி கற்பித்துப் பாட்டுப் பாடியவர்கள், அதில் நோய் வந்தால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.

இரத்தம் ஓடுகிறது என்று எப்போது தெரிந்தது?

தோழர்களே! உங்கள் கட்டைவிரல் நகத்தை மற்றொரு விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுக்கிறதா? இப்போது விடுங்கள். இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்கிறதல்லவா? அழுத்தியபோது இரத்தம் போயிற்று, விட்டதும் வந்தது. இந்தச் சின்னச் சோதனையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஓர் உயிருள்ள காரியத்துக்கு இது வேண்டியிருக்கும்.

இவ்வளவு எளிதாய்க் கண்ணுக்குத் தெரியும் ஓட்டத்தை உலகம் ஒப்புக்கொள்ள எத்தனை காலமாயிற்று தெரியுமா? ரோம ராஜ்ஜியத்தில் கேலன் என்ற வைத்தியர் இருந்தார். கெட்டிக்காரர்தான். ஆனால் மனிதப் பிணத்தை அறுக்காமல் குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்தார். இரத்தம் ஈரலில் தினம் புதிதாய் உண்டாகி, உறுப்புகளில் போய்த் தீர்ந்துவிடுகிறது என்றும், இருதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உண்டு என்றும் எழுதினார். 'கேலன் சொன்னார்' என்ற ஒரே காரணத்துக்காக சுமார் 1,400 வருஷ காலம் அதையே படித்தார்கள். பிணத்தை அறுத்து ஓட்டையைக் காணாதவனுக்குங்கூட, ஓட்டை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வேதம் நம் ஊரில் மட்டும் இருந்ததாக நினைக்காதீர்கள்.

இருதயத்திலிருந்து இரத்தம் நுரையீரல் வழியாகச் சுற்றிவருகிறது என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே அரபு நாட்டு வைத்தியர் இப்னு அல்-நபீஸ் எழுதினார். ஐரோப்பாவில் செர்வீட்டஸ் என்பவர் அதையே எழுதினார். அவர் 1553-இல் ஜெனிவாவில் உயிரோடு கொளுத்தப்பட்டார். நாம் உள்ளதை உள்ளபடியே சொல்ல வேண்டும்: கொளுத்தியது இரத்தத்தைப் பற்றிச் சொன்னதற்காக அல்ல; கிறிஸ்து மதக் கொள்கையை மறுத்ததற்காக. ஆனால் இரத்த ஓட்டத்தை எழுதியிருந்தது அந்த மதப் புஸ்தகத்திலேயே ஆனதால், மதத்துக்கு வைத்த நெருப்பில் அறிவும் சேர்ந்து எரிந்தது.

கடைசியில் 1628-இல் இங்கிலாந்து தேசத்து வில்லியம் ஹார்வி கணக்குப் போட்டார். ஒரு துடிப்புக்கு இருதயம் தள்ளும் இரத்தம் எவ்வளவு, அரைமணிக்கு எத்தனை துடிப்பு என்று பெருக்கினால், உடம்பில் உள்ள மொத்த இரத்தத்துக்கும் மேலாகிறது. அவ்வளவையும் ஈரல் எங்கிருந்து உண்டாக்கும்? ஆகவே அதே இரத்தந்தான் சுற்றிச் சுற்றி வருகிறது என்றார். கொண்டுவரும் குழாயும் கொண்டுபோகும் குழாயும் சேருமிடத்தை அவர் காணவில்லை. 1661-இல் இத்தாலியில் மால்பீகி என்பவர் தவளையின் நுரையீரலைப் பூதக்கண்ணாடியில் வைத்து, மயிரினும் மெல்லிய குழாய்களைக் கண்டார். வட்டம் முடிந்தது.

செங்கல் செய்கிறவர் செய்த மூக்கு

நிற்க, நம் நாட்டில் ஒன்றும் இல்லையா என்றால், இருந்தது. அது கைலாசத்தில் இல்லை, சூளைக்கரையில் இருந்தது.

1792-இல் முடிந்த மைசூர் யுத்தத்தில் இங்கிலீஷ் படைக்கு வண்டிமாடு ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர் திப்புவின் ஆட்களிடம் சிக்கினார். மூக்கையும் ஒரு கையையும் அறுத்துவிட்டார்கள். ஒரு வருஷம் மூக்கில்லாமல் இருந்தவருக்கு, பூனாவுக்குப் பக்கத்தில் செங்கல் செய்யும் ஜாதியைச் சேர்ந்த ஒருவர் மூக்கு வைத்தார். இரண்டு வெள்ளைக்கார டாக்டர்கள் கூட இருந்து பார்த்தார்கள். லண்டனில் 1794 அக்டோபரில் ஒரு பத்திரிகையில் படத்தோடு அச்சாயிற்று. அதைப் படித்துத்தான் கார்ப்யூ என்ற டாக்டர் 1814-இல் லண்டனில் அதே முறையைச் செய்தார். அந்தச் செய்தியில் மாட்டுக்காரர் பெயர் இருக்கிறது. மூக்கு வைத்தவர் பெயர் இல்லை. பூணூல் போட்டவராயிருந்தால் இந்நேரம் அவருக்குக் கோயில் கட்டி, அவதாரமாக்கியிருப்பார்கள்.

அவர் செய்தது என்ன? மெழுகினால் மூக்களவு எடுத்து, அதைத் தட்டி விரித்து நெற்றியில் வைத்துக் கோடிழுத்தார். அந்த அளவுக்கு நெற்றித் தோலை உரித்தார். ஆனால் முழுதும் அறுத்து எடுக்கவில்லை. இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஒரு சிறு பட்டையை அறுக்காமல் விட்டு, தோலை முறுக்கிக் கீழே திருப்பி மூக்கில் பொருத்தினார். காசுக்கட்டிக் குழம்பில் நனைத்த துணியைப் போட்டார். சுமார் 25 நாள் கழித்துப் புது மூக்கு ஒட்டிக்கொண்ட பிறகே அந்தப் பட்டையை அறுத்தார்.

அந்தப் பட்டையில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. ஒட்டு மாங்கன்று கட்டுகிறவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. தாய் மரத்துக் கிளையைச் சீவிக் கன்றோடு சேர்த்துக் கட்டுகிறீர்கள். கட்டினவுடனே கிளையை வெட்டுகிறீர்களா? இல்லை. கன்றிலிருந்து சாறு ஏறத் தொடங்கும்வரை தாய் மரத்தின் சாற்றில் அது பிழைத்திருக்க வேண்டும். நெற்றிப் பட்டையும் அப்படியே. புது இடத்திலிருந்து குழாய்கள் முளைத்து வந்து சேரும்வரை பழைய இடத்து இரத்தம் அதன் வழியாய் வந்து ஊட்டியது.

"பட்டையே இல்லாமல் தோலை எடுத்து வைக்கிறார்களே" என்று கேட்கலாம். மெல்லிய தோலானால் பிழைக்கும். முதல் இரண்டு நாள் அடியிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கிடக்கும். அதற்குள் குழாய்கள் நுழைந்துவிடும். ஆனால் ஒரு மார்பு அளவுக்குக் கொழுப்பும் தோலுமாய் வெட்டி வைத்தால், ஈரம் ஓரத்தோடு நின்றுவிடும்; நடுப்பாகம் அழுகிப்போகும். ஆகையால் மார்பு அமைக்கும் பிரச்சினை முழுவதும், 'அவ்வளவு பெரிய சதைக்கு இரத்தம் எந்த வழியாய் வரும்?' என்ற ஒரே கேள்வியில் அடங்கியது.

தீட்டு செய்த கேடு

அந்தக் கேள்விக்கு விடை மந்திரத்தில் இல்லை, பிணத்தில் இருந்தது. எந்தக் குழாய் எங்கே பிரிகிறது, எந்தத் தசையைத் துளைக்கிறது, எவ்வளவு தோலுக்குப் பாய்கிறது என்பதை அறுத்துப் பார்த்தால் ஒழிய எந்த ஞானதிருஷ்டியாலும் சொல்ல முடியாது. சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய நூலில், பிணத்தை ஏழு நாள் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றும், கன்னத்துத் தோலால் மூக்கு வைக்கலாம் என்றும் எழுதியிருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. அப்படியானால் அந்த வித்தை எங்கே போயிற்று? பிணத்தைத் தொட்டால் தீட்டு, இரத்தத்தைத் தொட்டால் தீட்டு, தொடுகிறவன் கீழ்ஜாதி என்று சாஸ்திரம் வைத்தீர்கள். படித்தவன் தொடமாட்டான், தொடுகிறவனைப் படிக்கவிடமாட்டீர்கள். பிறகு வித்தை எப்படி வளரும்? 1836-இல் கல்கத்தா வைத்தியக் கல்லூரியில் மதுசூதன் குப்தா என்பவர் பிணத்தை அறுக்கத் துணிந்ததே பெரிய புரட்சியாய்ப் பேசப்பட்டது.

மேல்நாட்டிலோ 1889-இல் மான்சோட் என்பவர், வைத்திய மாணவராயிருக்கும்போதே, தோலுக்குப் போகும் குழாய்களை அறுத்துப் பார்த்துப் படம் எழுதினார். 1936-இல் பிரான்சில் சால்மோன் என்பவர் அதைவிட நுட்பமாய் எழுதினார். ஊர்க் கணக்குப்பிள்ளை எந்த மடைக்கு எந்த வயல் என்று எழுதிவைப்பதுபோல், எந்தக் குழாய்க்கு எவ்வளவு தோல் பாசனம் என்று 1987-இல் ஆஸ்திரேலியா டாக்டர் இயன் டெய்லர் உடம்பு முழுவதையும் அளந்து பங்கு பிரித்துக் காட்டினார்.

பெரியவர் சொல்லும் பெண்கள் பட்ட பாடும்

மார்பு விஷயத்தில் முதல் வெற்றி எப்போதோ கிடைத்தது. இத்தாலியில் டான்சினி என்ற டாக்டர் முதுகுத் தோலைத் திருப்பி மார்பில் வைத்தபோது நுனி அழுகியது. அவர் விதியென்று விடவில்லை. ஏன் என்று தேடினார். முதுகின் அகலத் தசை வழியாக அக்குளிலிருந்து வரும் குழாயே அத்தோலை ஊட்டுகிறது என்று கண்டு, தசையையும் சேர்த்து எடுத்து வைத்தார், பிழைத்தது. 1906-இல் அதை வெளியிட்டார்.

ஆனால் அந்த வழி ஏறக்குறைய எழுபது வருஷம் மூலையில் கிடந்தது. காரணம் என்ன? அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற பெரிய டாக்டர், மார்பையும் நெஞ்சுத் தசையையும் அக்குள் கழலைகளையும் அடியோடு அகற்றும் முறையை 1882-இல் தொடங்கி 1894-இல் பிரசித்தம் செய்தார். அறுத்த இடத்தை வேறு சதை கொண்டு மூடுவது கூடாது, நோய் ஒளிந்துகொள்ளும் என்பது அவர் கட்சி. பெரியவர் சொன்னார், உலகம் தலையாட்டிற்று. எத்தனையோ பெண்களை நெஞ்செலும்பு தெரிய அனுப்பிவைத்தார்கள். 1971-இல் பெர்னார்டு பிஷர் என்பவரும் அவர் கூட்டத்தாரும் 1,600-க்கு மேற்பட்ட ஸ்திரீகளைப் பிரிவு பிரிவாய் வைத்துச் சோதனை தொடங்கினார்கள். 25 வருஷம் கவனித்து 2002-இல் வெளியிட்ட கணக்கில், தசையோடு சேர்த்து அறுத்தவர்கள் அதிகமாய்ப் பிழைக்கவில்லை என்று தெரிந்தது. மார்பைத் திரும்ப அமைத்துக்கொள்வதால் நோய் திரும்பிவருவது அதிகமாவதில்லை என்றும் பிற்பாடு தெரிந்தது. ஹால்ஸ்டெட்டும் யோக்கியர்தான், வேண்டுமென்று கெடுதி செய்தவரல்ல. ஆனால் சோதிக்காத வாக்கு ரிஷி வாக்கானாலும் டாக்டர் வாக்கானாலும் பலன் ஒன்றே.

பூவேலைக்காரியிடம் கற்ற தையல்

இன்னொரு தடை இருந்தது. பட்டை விட்டுத் திருப்பினால் பக்கத்துச் சதைதான் எட்டும். தூரத்துச் சதையை அடியோடு அறுத்துக் கொண்டுவர வேண்டுமானால், குழாயை அறுத்து, புது இடத்துக் குழாயோடு தைக்கத் தெரிய வேண்டும். 1894-இல் பிரெஞ்சு தேசத்து ஜனாதிபதி சாடி கார்னோ லியோன் நகரத்தில் கத்தியால் குத்தப்பட்டார். ஈரலுக்குப் போகும் பெரிய குழாய் அறுந்தது. சுற்றி நின்ற டாக்டர்களுக்கு அதைத் தைக்கத் தெரியவில்லை, அவர் இறந்தார். அவ்வூரில் இருந்த அலெக்சிஸ் கரேல் என்ற வாலிபர், குழாயைத் தைக்க ஏன் முடியாது என்று யோசித்தார். துணியில் பூவேலை செய்யும் ஓர் அம்மாளிடம் போய் மெல்லிய ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார். வட்டமான குழாய் வாயில் மூன்று இடத்தில் தையல் போட்டு இழுத்து முக்கோணமாக்கினால், ஒவ்வொரு பக்கமும் நேர்கோடாகிவிடும். தைப்பது சுலபம் என்று 1902-இல் காட்டினார். 1912-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதே கரேல் லூர்து மாதா கோயில் அற்புதத்தில் மயங்கியவர். சில வகைக் குற்றவாளிகளையும் சித்தங் கலங்கியவர்களையும் விஷ வாயுவால் ஒழிக்கலாம் என்று 1935-இல் புஸ்தகமும் எழுதினார். நாம் ஆளைக் கும்பிடுகிறவர்களல்ல; ஆகையால் நமக்குக் கஷ்டமில்லை. தையலை எடுத்துக்கொள்ளுகிறோம், மற்றதைக் குப்பையில் போடுகிறோம்.

பிறகு 1960-இல் அமெரிக்காவில் ஜேக்கப்சன் என்பவரும் அவர் தோழரும் பூதக்கண்ணாடி யந்திரத்தின் கீழ் வைத்துச் சிறு குழாய்களைத் தைத்தார்கள். 1973-இல் மெல்போர்னில் டெய்லரும் டேனியலும் ஒரு சதைத் துண்டை அடியோடு அறுத்து, வேறிடத்தில் குழாய் பொருத்திப் பிழைக்கவைத்தார்கள். நம் சென்னையிலும் ஸ்டான்லி அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்த பிரிவு, அறுந்த கையைக் குழாய் பொருத்தி ஒட்டுவதில் பேர்பெற்றது.

இப்போது செய்வது எப்படி?

பிள்ளை பெற்ற ஸ்திரீகளுக்குத் தொப்புளுக்குக் கீழே தளர்ந்த தோலும் கொழுப்பும் இருக்கும். மார்பு அமைக்க அதுவே ஏற்றது. 1982-இல் அமெரிக்க டாக்டர் ஹார்ட்ராம்ப் அதை வயிற்றுத் தசையோடு சேர்த்து மேலே கொண்டுபோகும் முறையை வெளியிட்டார். மார்பு கிடைத்தது; ஆனால் தசை போனதால் சிலருக்கு வயிறு பலவீனப்பட்டுக் குடல் தள்ளியது. உண்மையில் வேண்டியது தசையல்ல, தசையைத் துளைத்து வரும் குழாய்தானே? தசையைப் பிளந்து, குழாயை மட்டும் உருவி எடுத்தால் என்ன? 1989-இல் ஜப்பானில் கொஷிமாவும் சோயெடாவும் அப்படி எடுக்க முடியும் என்று காட்டினார்கள். 1994-இல் அமெரிக்காவில் ஆலன் என்பவர் அதைக்கொண்டு மார்பு அமைத்ததை வெளியிட்டார்.

தொடைச் சந்துக்கு மேலே பெரிய குழாயிலிருந்து ஒரு கிளை பிரிந்து, வயிற்றுத் தசைக்கு அடியில் மேலேறுகிறது. அதிலிருந்து நுண்கிளைகள் தசையைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு வருகின்றன. எது பெரியது என்று முன்கூட்டியே படம் பிடித்துப் பார்த்துக்கொள்ளுகிறார்கள். அதைத் தசை நாருக்கிடையில் பொறுமையாய்ப் பிரித்து, அடிக்குழாய் வரை போய் அறுக்கிறார்கள். நெஞ்செலும்பின் ஓரத்தில் விலாக் குருத்தெலும்பில் ஒரு துண்டை எடுத்தால், உள்ளே ஒரு குழாய் இரத்தம் கொண்டுவர, பக்கத்தில் ஒரு குழாய் கொண்டுபோக ஓடுகின்றன. இவற்றோடு வயிற்றுக் குழாய்களைத் தைக்கிறார்கள். குழாய் வாய் இரண்டு மூன்று மில்லிமீட்டர். நூலோ தலைமயிரில் பாதிப் பருமன்கூட இல்லாதது. ஆறு, எட்டு மணி நேரமோ, அதற்கு மேலுமோ ஆகிறது. பிடியை விட்டதும் வெளுத்துக் கிடந்த சதை சிவக்கிறது. சொந்தச் சதையாதலால் உடம்பு அதைத் தள்ளுவதில்லை. நடுவில் இரத்தம் ஏற்ற வேண்டுமானால் டாக்டர் ஏ, பி, ஓ என்று லாண்ட்ஸ்டைனர் 1901-இல் கண்ட வகையைப் பார்க்கிறாரே தவிர, அய்யரா, பறையரா என்று பார்ப்பதில்லை.

பாய்ச்சலும் வடிகாலும்

விவசாயத் தோழர்களுக்கு ஒன்று தெரியும். வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் பயிர் காயும். வடிகால் அடைத்துக்கொண்டால் பயிர் அழுகும். தைத்த சதைக்கும் அதே நியாயந்தான். கொண்டுவரும் குழாய் அடைத்தால் சதை வெளுத்துக் குளிரும். கொண்டுபோகும் குழாய் அடைத்தால் நீலம் பாய்ந்து வீங்கும். இரண்டில் பின்னதே அதிகம். ஆகையால் முதல் நாள் மணிக்கொருதரமும், பிறகு இரண்டு மூன்று நாள் அடிக்கடியும் நர்ஸம்மாள் வந்து சதையை விரலால் அழுத்திப் பார்க்கிறார். வெளுத்து, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா? சற்று முன் நீங்கள் நகத்தில் செய்த சோதனையே அது! திரும்பாமல் வெளுத்தே இருந்தாலும், நீலமாகி அழுத்திவிட்டதும் சட்டென்று திரும்பினாலும் ஆபத்து. சீக்கிரம் கண்டால் திரும்ப அறுத்து, அடைப்பை எடுத்துக் காப்பாற்றுகிறார்கள். நடுராத்திரியில் அந்தச் சதையைக் காப்பது ஆண்டவனல்ல. தூங்காமல் கண் விழிக்கும் ஒரு கூலிக்காரப் பெண்.

வடிகால் கோளாறுக்குச் சில சமயம் அட்டையும் விடுகிறார்கள். 1960-இல் யுகோஸ்லாவியாவில் இப்படிச் செய்ததை வெளியிட்டார்கள். 2004-இல் அமெரிக்க அரசாங்கம் அட்டையை அனுமதித்தது. "பார்த்தீர்களா, பழைய வைத்தியம்!" என்று துள்ள வேண்டாம். 'கெட்ட இரத்தம்' என்று எல்லா நோய்க்கும் அட்டை விட்டது மூடத்தனம். புதுச் சிரைகள் முளைக்கும்வரை, தேங்கிய இரத்தத்தை மட்டும் வடிக்க, அதன் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத சத்து உண்டென்று தெரிந்து விடுவது அறிவு. பொருள் ஒன்றே, காரணம் தெரிந்து செய்கிறோமா என்பதே வித்தியாசம்.

தேர்ந்த இடங்களில் நூற்றுக்கு 95-க்கு மேல் பிழைக்கின்றன. பிழைக்காதவையும் உண்டு. புகையிலை, பீடி, சிகரெட்டில் உள்ள நிக்கோட்டின் நுண்குழாய்களைச் சுருக்குகிறது; சிகிச்சைக்குச் சில வாரம் முன்பே நிறுத்தச் சொல்லுகிறார்கள். ராகுகாலம் பார்த்துக்கொண்டு புகையிலையை மெல்லுவதால் பயனில்லை. எமகண்டத்தில் போனாலும் புகையிலையை விட்டுப் போங்கள்.

சில ஆட்சேபணைகள்

"கடவுள் கொடுத்த உடம்பை மாற்றலாமா?" என்கிறார்கள். கடவுள் கொடுத்த மயிரை அந்தக் கடவுளுக்கே மொட்டையடித்துக் கொடுக்கிறீர்கள். கொடுத்த காதைக் குத்துகிறீர்கள். நோயையும் அவரே கொடுத்தார் என்றால் ஆஸ்பத்திரிக்கே போகக்கூடாதே?

"வயதானவளுக்கு மார்பு எதற்கு?" என்கிறார்கள். உங்களுக்கு வயதான பிறகு பல் கட்டிக்கொள்வது எதற்கு?

"புருஷனுக்காகத்தானே?" என்கிறார்கள். இதுதான் எல்லாவற்றிலும் கேவலமானது. பெண்ணின் உடம்பு பெண்ணுக்குச் சொந்தம். வேண்டுமென்றால் அமைத்துக்கொள்வாள்; வேண்டாமென்றால் தட்டையான நெஞ்சோடு தலைநிமிர்ந்து நடப்பாள். இச்சிகிச்சை நோயைத் தீர்ப்பதல்ல. இது இல்லாமலும் உயிரோடிருக்கலாம். புது மார்பில் பால் சுரக்காது. உணர்ச்சி முழுதும் திரும்பாது. வயிற்றில் நீண்ட தழும்பு இருக்கும். சிலிகான் பை வைக்கும் வேறு முறையும் உண்டு. அதிலும் மேலிருக்கும் தோலுக்கு இரத்தம் போனால்தான் நிலைக்கும். இவ்வளவையும் டாக்டர் அவளிடம் சொல்ல வேண்டும். புருஷனை வெளியே அழைத்து அவன் காதில் சொல்லக்கூடாது. தீர்மானிக்க வேண்டியவள் அவள்.

"ஏழைக்கு இது எங்கே கிடைக்கும்?" என்பது மட்டுமே நியாயமான கேள்வி. இந்நாட்டில் மார்பை இழந்த பெண்களில் மிகச் சிலருக்கே இது கிடைக்கிறது. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அவர் பரிகார பூஜை செய்யவில்லை. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்தார். கும்பாபிஷேகத்துக்கும் தங்கத் தேருக்கும் வசூல் செய்யும் ஊர்கள், ஜில்லா ஆஸ்பத்திரிக்கு ஒரு பூதக்கண்ணாடி யந்திரமும் தைக்கத் தெரிந்த இரண்டு டாக்டர்களும் வேண்டுமென்று அரசாங்கத்தைக் கேட்டிருக்கின்றனவா? கேட்டால் வரும், கேட்காமல் எதுவும் வந்ததில்லை.

ஆகவே தோழர்களே! நாம் சொன்னதற்காக எதையும் நம்பாதீர்கள். படித்தவரைக் கேளுங்கள், நகத்தை அழுத்திப் பாருங்கள், சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டால், வீட்டில் ஒரு பெண் கட்டி இருக்கிறது என்று சொன்ன மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், கோடாங்கியிடம் போகாதீர்கள். பிழைத்து வந்தவளைக் கல்யாணப் பந்தலில் முதல் வரிசையில் உட்கார வையுங்கள். 'மூளி' என்ற வார்த்தையை உங்கள் வீட்டிலிருந்து எடுத்தெறியுங்கள். தாய்மார்களே! உங்கள் உடம்பில் ஓடும் இரத்தத்துக்குப் பாவமும் தெரியாது, புண்ணியமும் தெரியாது. வழியிருந்தால் ஓடும், வழியில்லாவிட்டால் நிற்கும். வழியை உண்டாக்குவது மனிதனுடைய வேலை.